புரட்டாசி விரதமும் பத்து கிலோமீட்டர் ஓட்டமும்

கேள்வி: எனக்கு வயது 54. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறேன். எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ளன. கிளினிக்கில் தரும் மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, எனாலப்ரில், ஹைட்ரோகுளோரோதயசைடு மாத்திரைகளைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறேன். காலை உணவில்லாமல் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்காக எங்கள் கோயில் குழு ஆண்டுதோறும் ஓர் ஓட்டம் நடத்தி நிதி திரட்டுகிறது. சென்ற ஆண்டு எந்தப் பயிற்சியும் இல்லாமல் ஐந்து கிலோமீட்டர் ஓடினேன். ஓடுவதற்கு முன் இரண்டு ஐபுப்ரோஃபென் மாத்திரையும், ஓடி முடித்த பின் இரண்டும் போட்டுக்கொண்டேன். அப்படியும் நான்கு நாள்கள் படிக்கட்டில் இறங்க முடியவில்லை. குதிகாலில் கொப்புளம் வந்தது. கால் பெருவிரல் நகம் கறுத்து விழுந்தது. இந்த ஆண்டு மரபுரிமை நாளை (செப்டம்பர் 24) அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம். பத்து கிலோமீட்டர் ஓடுவதாகச் சொல்லி நன்கொடை தருவோரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். இன்னும் பத்து வாரங்கள் உள்ளன. புரட்டாசி மாதம் முழுவதும் புலால் உண்ண மாட்டேன். சனிக்கிழமைகளில் பொழுது சாயும் வரை எதுவும் சாப்பிட மாட்டேன். முழங்கால் வேறு அவ்வப்போது வலிக்கிறது. எப்படித் தயாராவது, முடிந்தபின் எப்படித் தேறுவது என்று சொல்லுங்கள். வலித்தாலும் தாங்கிக்கொள்வேன், நல்ல காரியத்துக்காகத்தானே.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கே முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பிள்ளைகளின் காலை உணவுக்கான பணம், நன்கொடையாளர்கள் கையெழுத்திட்டபோதே உறுதியாகிவிட்டது. நீங்கள் வலியோடு ஓடினாலும் வலியில்லாமல் ஓடினாலும், பாதித் தூரத்தை நடந்தே கடந்தாலும், அந்தத் தொகையில் ஒரு ரேண்ட் கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை. நம் ஊரில் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள்கூட நாள் கணக்கில் விரதம் இருந்து, உடலையும் மனத்தையும் பழக்கிக்கொண்டுதான் அந்த நாளுக்கு வருகிறார்கள். முன்னேற்பாடில்லாமல் திடீரென்று யாரும் காவடியைத் தோளில் ஏற்றுவதில்லை. உங்கள் ஓட்டத்தையும் அப்படியே கருதுங்கள். வலியைத் தாங்கும் மன உறுதி உங்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அதை ஓட்டத்தன்று செலவழிக்காமல், அதற்கு முந்திய பத்து வாரங்களில் சிறிது சிறிதாகச் செலவழிக்க வேண்டும் என்பதே என் ஆலோசனையின் சாரம்.

பயிற்சியைத் தொடங்குமுன் உங்கள் கிளினிக்குக்குச் சென்று ஒரு முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து வந்த நம் வழியினரிடையே இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் இதய நோயும் அதிகமாகவும், பிறரைவிட இளம் வயதிலேயும் காணப்படுகின்றன என்பதைத் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக அறிவார்கள். எட்டு ஆண்டுச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உள்ள ஒருவர் புதிதாகக் கடுமையான உடற்பயிற்சியில் இறங்கும்போது, இதயத்தை மட்டுமல்லாமல் விழித்திரை, சிறுநீரில் வெளியேறும் புரதம், பாதத்தின் உணர்ச்சி ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். பாதத்தில் ஒரு மெல்லிய இழையை வைத்துத் தொட்டு, அது தெரிகிறதா என்று கேட்கும் எளிய சோதனைதான் அது; ஆனால் கொப்புளம் வந்ததே தெரியாமல் ஓடும் ஆபத்து உங்களுக்கு உண்டா என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். நடக்கும்போதோ படி ஏறும்போதோ மார்பில் இறுக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, தாடையிலோ தோளிலோ வலி, காரணமில்லாத குமட்டல் இவற்றில் எதை உணர்ந்திருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். பெண்களுக்கு இதயக் கோளாறு சில சமயங்களில் நெஞ்சு வலி இல்லாமலே, இவற்றில் மற்றவையாக மட்டும் வருவதுண்டு.

அடுத்து ஐபுப்ரோஃபென். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்திய செய்தி இதுதான், ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன். எனாலப்ரில் சிறுநீரகத்தின் வடிகட்டிகளுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு உடலிலிருந்து உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. இவை இரண்டும் உங்களுக்கு நன்மை செய்யும் மருந்துகள், நிறுத்தக் கூடாதவை. ஆனால் ஓடும்போது உடல் தன் இரத்தத்தைத் தசைகளுக்கும் தோலுக்கும் திருப்பி விடுகிறது. வியர்வையால் நீரும் குறைகிறது. அந்த நேரத்தில் சிறுநீரகம் தனக்கு வரும் இரத்தக் குழாயை விரித்து வைத்துக்கொண்டுதான் சமாளிக்கிறது. அந்த விரிவைத் தடுப்பதே ஐபுப்ரோஃபென். ஆக, மூன்று பக்கங்களிலிருந்தும் சிறுநீரகம் ஒரே நேரத்தில் நெருக்கப்படுகிறது. சென்ற ஆண்டு உங்களுக்கு ஒன்றும் நேரவில்லை என்பதால் இந்த ஆண்டும் நேராது என்று கொள்ள வேண்டாம். தூரம் இரு மடங்காகியிருக்கிறது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், இவை கலந்த கூட்டு மாத்திரைகள் எதையும் ஓட்டத்துக்கு முன்போ பின்போ எடுக்காதீர்கள். ஓடி முடித்தபின் வலி தாங்க முடியாமல் இருந்தால், பனாடோ என்று நாம் எல்லோரும் வீட்டில் வைத்திருக்கும் பாரசிட்டமால் மாத்திரைகள் இரண்டு எடுத்துக்கொள்ளலாம். ஓடுவதற்கு முன் வலி மாத்திரை எதுவுமே தேவையில்லை. நிறுத்தச் சொல்லி உடல் தரும் எச்சரிக்கையை அது மறைத்துவிடும்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். நுரையீரலும் இதயமும் மூன்று நான்கு வாரங்களிலேயே நன்கு பழகிவிடுகின்றன. தசைநாண்களும் எலும்புகளும் பழகுவதற்கு மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியில்தான் புதிதாக ஓடுகிறவர்கள் பெரும்பாலும் காயப்படுகிறார்கள். மூச்சு வாங்குவது நின்றுவிட்டதே என்று ஐந்தாம் வாரத்தில் வேகத்தைக் கூட்டுவார்கள், ஆறாம் வாரத்தில் குதிகால் தசைநாணோ முழங்காலோ பிடித்துக்கொள்ளும். ஆகையால் உங்களுக்கு மூச்சு எளிதாக இருந்தாலும், நான் சொல்லும் அளவைத் தாண்டாதீர்கள்.

வாரத்துக்கு நான்கு நாள்கள் போதும். முதல் மூன்று வாரங்களில், ஐந்து நிமிடம் நடந்துவிட்டு, ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி அரை மணி நேரம் செல்லுங்கள். ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும்; முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள். நான்காம் வாரத்திலிருந்து இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஏழாம் வாரத்துக்குமேல் மூன்று நிமிடம் ஓட்டம், ஒன்று அல்லது இரண்டு நிமிடம் நடை. இந்த நான்கு நாள்களில் ஒன்று மட்டும் நெடுந்தூர நாளாக இருக்கட்டும். நான்கு கிலோமீட்டரில் தொடங்கி, வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோமீட்டர் வரை கூட்டி, இடையில் ஒரு வாரம் குறைத்து, எட்டாம் வார இறுதியில் எட்டு கிலோமீட்டரை எட்டினால் போதும். பத்து கிலோமீட்டரைப் பயிற்சியிலேயே ஓடிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் எல்லோருக்கும் வரும். எட்டு கிலோமீட்டரைச் சிரமமின்றிக் கடந்தவருக்கு மீதி இரண்டு தானாக வந்துவிடும். ஒன்பதாம் வாரத்தில் பாதியாகக் குறைத்துவிடுங்கள். ஓட்டத்துக்கு முந்திய வாரத்தில் இருபது நிமிட மென்னடையோட்டம் இரண்டு முறை போதும். கடைசி வாரத்தில் செய்யும் எந்தப் பயிற்சியும் உடலில் சேர நேரமிருக்காது. களைப்பு மட்டுமே மிஞ்சும்.

நடந்து நடந்து ஓடுவதைக் குறைவாக எண்ணாதீர்கள். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் ஓட்டத்தை 1921ஆம் ஆண்டு முதல் நம் மாகாணம் பார்த்து வருகிறது. அதில் நல்ல அனுபவமுள்ளவர்களே மேடுகளில் திட்டமிட்டு நடக்கிறார்கள். அதே காம்ரேட்ஸ் பற்றி இன்னொரு செய்தியும் உங்களுக்குப் பயன்படும். டர்பனிலிருந்து மேலேறிச் செல்லும் ஆண்டைவிட, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஆண்டில்தான் தொடைகள் அதிகம் நொந்துபோகின்றன என்று அதில் ஓடியவர்கள் சொல்வார்கள். அதற்கு உடலியல் காரணம் உண்டு. மேட்டில் ஏறும்போது தொடைத்தசை சுருங்கி வேலை செய்கிறது. இறக்கத்தில் உடலின் எடையைப் பிடித்து நிறுத்துவதற்காக, சுருங்க முயன்றுகொண்டே நீட்டப்படுகிறது. இப்படி நீளும்போது தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் ஏற்படுகின்றன. அவற்றை ஆற்ற உடல் எழுப்பும் அழற்சிதான் மறுநாளும் அதற்கு மறுநாளும் உச்சம் அடையும் வலி. சென்ற ஆண்டு உங்களால் படி ஏற முடிந்து, இறங்க மட்டும் முடியாமல் போயிருந்தால், அதற்குக் காரணம் இதுவே. தசையில் சேர்ந்த அமிலம் என்று பலர் சொல்வது சரியன்று. அந்த அமிலம் ஓட்டம் நின்று ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வெளியேறிவிடுகிறது.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த வலிக்கு முன்கூட்டியே தடுப்பு உண்டு. ஒருமுறை மிதமான இறக்கத்தில் ஓடி இலேசாக நொந்த தசை, தன்னைச் சீர்படுத்திக்கொண்டு, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையால் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. சாட்ஸ்வர்த்தில் மேடு பள்ளத்துக்குப் பஞ்சமில்லை. ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை, வாரத்தில் ஒரு நாள் மட்டும், உங்கள் வீட்டருகே சரிவு குறைவான தெரு ஒன்றில் சிறு சிறு அடிகளாக வைத்து நான்கைந்து நிமிடம் மெதுவாக இறங்கி ஓடிப் பழகுங்கள். இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே, ஓட்டத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை நீங்கள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்க வேண்டிய நிலை வராது. மற்ற நாள்களில் சமதளமே நல்லது. கடற்கரை நடைபாதையில், யூஷாகா கடற்பூங்காவிலிருந்து அம்கேனி ஆற்று முகத்துவாரம் நோக்கிச் செல்லும் சமமான தடம் நெடுந்தூர நாளுக்கு மிகவும் ஏற்றது. ஜூலையில் டர்பனில் சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் எழுகிறது. இருட்டில் தனியாக ஓடாதீர்கள். கோயில் குழுவிலிருந்து இருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். காம்ரேட்ஸை ஒன்பது முறை வென்ற ப்ரூஸ் ஃபோர்டைஸ் 2011இல் ஜோகன்னஸ்பர்க்கில் தொடங்கிவைத்த பார்க்ரன் இப்போது நாடெங்கும் நடக்கிறது. நார்த் பீச்சிலும் உண்டு. சனிக்கிழமை காலை, ஐந்து கிலோமீட்டர், கட்டணம் இல்லை, நடந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். ஆகஸ்ட் மாதத்தில் இரண்டொரு முறை அங்கே சென்று கூட்டத்தோடு ஓடிப் பழகுங்கள். புரட்டாசி பிறந்தபின் சனிக்கிழமைகளில் வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முழங்கால் வலியைப் பொறுத்தவரை, உங்கள் கடிதத்திலிருந்து அது எவ்வகை என்று தெரியவில்லை. முழங்கால் வீங்கினாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது திடீரென்று விட்டுக்கொடுத்தாலோ ஓடவே கூடாது. இயன்முறை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவை இல்லாமல், படி இறங்கும்போதும் நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் முன்பக்கம் வலிப்பது மட்டும் என்றால், தொடையும் இடுப்பும் வலுவிழந்திருப்பது பெரும்பாலும் காரணமாக இருக்கும். கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மெதுவாக உட்காருவதை ஒரு தடவைக்குப் பத்து என்று மூன்று தடவையும், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவதை அதே அளவும், வாரத்தில் மூன்று நாள் செய்யுங்கள். ஓடும்போது வலியைப் பூச்சியம் முதல் பத்து வரை மதிப்பிடுங்கள். மூன்றுக்கு மேல் போகாமல், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். மறுநாளும் அதிகமாக இருந்தால் அந்த வாரத்தில் தூரத்தைக் குறையுங்கள்.

நகம் கறுத்ததற்குக் காலணி அளவுதான் காரணம். இறக்கத்தில் விரல்நுனி காலணியின் முன்பக்கத்தில் மோதியிருக்கிறது. மாலையில், கால் சிறிது வீங்கியிருக்கும் நேரத்தில் கடைக்குப் போய், நீண்ட விரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கும்படி வாங்குங்கள். மூன்றாம் வாரத்துக்குள் வாங்கி, அதிலேயே எல்லாப் பயிற்சியையும் செய்யுங்கள். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்துவைத்துக் கொப்புளம் உண்டாக்கும். செயற்கை இழைக் காலுறையே மேல். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் இரு பாதங்களையும், விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேத்தியையோ மகளையோ பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது தவிர்க்கக் கூடாத வேலை.

இப்போது புரட்டாசி. உங்கள் ஓட்டம் புரட்டாசி மாதத்துக்குள், அதுவும் ஒரு விரதச் சனிக்கிழமைக்கு அடுத்த நாள் காலையில் வருகிறது. இதில் இரண்டு வேறு வேறு கேள்விகள் இருக்கின்றன. புலால் உண்ணாமல் இருப்பதால் பலம் குறையுமா என்பது முதலாவது. குறையாது. பருப்பு, சுகர் பீன்ஸ் கறி, சோயா மின்ஸ், பன்னீர், தயிர், ஆமாசி என்னும் புளித்த பால், நிலக்கடலை இவை ஒவ்வொரு வேளையிலும் ஏதாவதொன்று தட்டில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் தசைக்குத் தேவையான புரதம் கிடைத்துவிடும். நம் வீடுகளில் புரட்டாசிச் சாப்பாடு என்றால் உருளைக்கிழங்கும் பூரியும் சோறும் பெருகி, பருப்பு ஒரு கரண்டியாகச் சுருங்கிவிடுவது வழக்கம். உங்கள் சர்க்கரைக்கு அது நல்லதல்ல. அந்த அளவைத் தலைகீழாக்குங்கள். நீண்ட நாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும் என்பதால், கிளினிக்கில் அதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி விரதம் பற்றியது. இதில் நான் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது அரிது. கிளிமெபிரைடு அப்படியல்ல, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சனிக்கிழமை பகல் முழுவதும் சாப்பிடாமல், இரவில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு, ஞாயிறு அதிகாலையில் பத்து கிலோமீட்டர் ஓடப் புறப்பட்டால், கல்லீரலிலும் தசையிலும் சேமிப்பு குறைந்திருக்கும் நேரத்தில் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும், மாத்திரையும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். நடுவழியில் கை நடுக்கம், வியர்வை, தலைச்சுற்றல், குழப்பம் வந்தால், அது ஓட்டக் களைப்பு என்றே உங்களுக்கும் மற்றவர்களுக்கும் தோன்றும். அந்தத் தவறான எண்ணமே உயிருக்கு ஆபத்து.

ஆகவே முழு விரதமும் முழு ஓட்டமும் அடுத்தடுத்த நாள்களில் கூடாது. உங்கள் முன் மூன்று வழிகள் உள்ளன. அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் பாலும் பழமும் இட்லியும் பருப்புமாக எளிய உணவை நேரத்துக்கு உண்டு, மற்றச் சனிக்கிழமைகளில் வழக்கம்போல் விரதம் இருப்பது முதல் வழி. நான் பரிந்துரைப்பது இதைத்தான். நோயுற்றவர்களுக்கும் மருந்து உண்பவர்களுக்கும் விரதத்தில் தளர்வு உண்டு என்பது நம் பெரியவர்கள் எப்போதும் சொல்லிவந்ததே. மனம் ஒப்பவில்லையென்றால் உங்கள் கோயில் குருக்களிடம் கேட்டுப் பாருங்கள். விரதத்தை விடவே முடியாது என்றால், பத்து கிலோமீட்டரை விட்டுவிட்டு, நல்ல காலைச் சிற்றுண்டிக்குப் பின் ஐந்து கிலோமீட்டரை நடந்து முடிப்பது இரண்டாம் வழி. மூன்றாவது, குழுவினரிடம் பேசி அடுத்த ஆண்டு ஓட்டத்தை ஆகஸ்டுக்கு மாற்றச் சொல்வது. உங்களைப் போல் மாத்திரையும் விரதமுமாக வருபவர்கள் அந்தக் கூட்டத்தில் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால், இதை நீங்கள் எடுத்துச் சொன்னால் அவர்களுக்கும் நன்மை. எந்த வழியானாலும், ஓட்டத்தன்றும் விரத நாள்களிலும் கிளிமெபிரைடின் அளவைக் குறைப்பதா, நிறுத்திவைப்பதா, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளை எந்த நேரத்தில் எடுப்பது என்பதை உங்கள் கிளினிக் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக மாற்றாதீர்கள்.

ஓட்டத்தன்று காலை, புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு, பயிற்சி நாள்களில் உண்டு பழகியதையே உண்ணுங்கள். ஓட்ஸ் கஞ்சியோ, மக்காச்சோள மாவுக் கஞ்சியோ, நிலக்கடலை வெண்ணெய் தடவிய இரண்டு துண்டு ரொட்டியோ போதும். பீன்ஸ் கறி நல்ல உணவுதான், ஆனால் ஓடும் காலைக்கு ஏற்றதல்ல. தொடங்குவதற்குச் சற்று முன் சர்க்கரையை அளந்து பாருங்கள். லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் 5க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பேரீச்சையோ சாப்பிட்டு, கால் மணி நேரம் கழித்து மீண்டும் அளந்த பிறகே தொடங்குங்கள். 4க்குக் கீழே இருந்தால் அன்று ஓட வேண்டாம். உடனே சர்க்கரை சேர்த்துக்கொள்ளுங்கள். 14க்கு மேலே இருந்தாலும் ஓடாமல் மருத்துவ உதவிக் கூடாரத்துக்குச் செல்லுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் மாத்திரையோ இனிப்போ கட்டாயம் இருக்கட்டும். எண் அட்டையின் பின்புறத்தில் உங்கள் நோய், மருந்துகள், வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிவையுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு தவறான அறிவுரை இன்னும் உலவுகிறது: தாகம் எடுக்கும் முன்பே நிறையக் குடி என்பது. நீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து, மூளை வீங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் கண்டு 1985இல் எழுதியவர்கள் நம் நாட்டு மருத்துவர்களே. கேப் டவுனைச் சேர்ந்த டிம் நோக்ஸ் அவர்களில் ஒருவர். மெதுவாக ஓடுகிறவர்களுக்கு, ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடிக்க நேரம் இருப்பதால், இந்த ஆபத்து வேகமாக ஓடுகிறவர்களைவிட அதிகம். அதோடு உங்கள் ஹைட்ரோகுளோரோதயசைடும் சோடியத்தைக் குறைக்கக்கூடியது. தாகத்துக்குத் தகுந்தபடி, தண்ணீர்ப் பையின் மூலையைக் கடித்து இரண்டு மூன்று வாய் குடித்தால் போதும். மீதியைத் தலையிலும் கழுத்திலும் ஊற்றிக்கொள்ளுங்கள். தலை இலேசாகி நடுக்கம் தோன்றினால் மேசையில் இருக்கும் சாதாரணக் கோலாவை அரைத் தம்ளர் குடித்துவிட்டு உட்காருங்கள். சர்க்கரையில்லாத கோலா அந்த நேரத்தில் பயன்படாது.

செப்டம்பரில் உள்நாட்டு மலைப்பக்கத்திலிருந்து வீசும் பெர்க் காற்று டர்பனில் ஒரே காலையில் வெப்பத்தைக் கடுமையாக உயர்த்திவிடும். அன்று அப்படி வீசினால், ஓட்டத்தைக் கைவிட்டு முழுத் தூரத்தையும் நடங்கள், அல்லது ஐந்து கிலோமீட்டரில் நிறுத்துங்கள். தொடக்கத்தில் பறையும் பாட்டுமாக எல்லோரும் பாய்ந்து ஓடும்போது, நீங்கள் முதல் கிலோமீட்டரிலிருந்தே உங்கள் மூன்று நிமிட ஓட்டத்தையும் நடையையும் கடைப்பிடியுங்கள். மார்பில் இறுக்கம், மயக்கம், கண் இருளுதல், திடீர் மூச்சுத் திணறல் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நின்று உதவி கேளுங்கள். கைபேசியிலிருந்து 112 எண்ணையும், ஆம்புலன்சுக்கு 10177 எண்ணையும் அழைக்கலாம்.

முடித்தவுடன் புல்தரையில் விழுந்து படுக்காதீர்கள். கால் தசைகள் வேலை செய்வதை நிறுத்தியதும் இரத்தம் கால்களிலேயே தங்கி, அழுத்தம் சட்டென்று தாழ்ந்து மயக்கம் வரலாம். இரத்தக் கொதிப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கு அது இன்னும் எளிதில் வரும். பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடங்கள். பிறகு சர்க்கரையை அளந்து, ஈர ஆடையை மாற்றி, காலணியைக் கழற்றிப் பாதங்களைப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்த உணவு வேண்டும்: பருப்புச் சோறு, பீன்ஸ் கறியோடு ரொட்டி, பழத்தோடு ஆமாசி, எதுவானாலும் சரி.

பலருக்குத் தெரியாத ஒன்று, சர்க்கரை தாழும் அபாயம் அன்று இரவும் தொடர்கிறது என்பது. ஓட்டத்தில் காலியான சேமிப்பை நிரப்பத் தசைகள் இருபத்து நான்கு மணி நேரம்வரை இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுக்கும். படுக்கப் போகும்முன் மீண்டும் அளந்து, 7க்குக் கீழே இருந்தால் ஒரு தம்ளர் பாலும் ஒரு துண்டு ரொட்டியும் சாப்பிட்டுப் படுங்கள். வீட்டில் ஒருவரிடம் இதைச் சொல்லிவையுங்கள். நடு இரவில் வியர்த்து விழித்தால் அளந்து பார்ப்பதுதான் முதல் வேலை.

அடுத்த இரண்டு மூன்று நாள்கள் தொடையும் கெண்டைக்காலும் நோகும். சென்ற ஆண்டைவிட நிச்சயம் குறைவாக இருக்கும். அசையாமல் படுத்திருப்பதைவிட, பதினைந்து இருபது நிமிட மெல்லிய நடை நோவைத் தளர்த்தும். இலேசாகத் தடவிக்கொடுத்தால் சுகமாக இருக்கும். அழுத்திப் பிசைவதும், நொந்த தசையை இழுத்து நீட்டுவதும் வேண்டாம். பாதத்தைக் கொதிநீரில் ஊறவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. உணர்ச்சி குறைந்த பாதம் வெந்துபோவது தெரியாது. ஆகவே அது உங்களுக்கு வேண்டவே வேண்டாம். அந்த இரவுகளில் எட்டு மணி நேரத் தூக்கத்தைவிடச் சிறந்த மருந்து எதுவும் இல்லை. கொப்புளம் வந்திருந்தால் உடைக்காமல் சுத்தமான துணியால் மூடிவையுங்கள். சிவந்தாலோ சீழ் வைத்தாலோ அன்றே கிளினிக்குக்குச் செல்லுங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ மிகவும் குறைந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ, தலைவலியும் குழப்பமும் வாந்தியும் சேர்ந்து வந்தாலோ, மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஏழு முதல் பத்து நாள்கள் கழித்து, நோவு முழுவதும் தீர்ந்த பின், முதல் வாரத்தில் செய்த ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடையிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். நிறுத்திவிடாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். உடற்பயிற்சியால் இன்சுலின் நன்கு வேலை செய்யும் நிலை இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் நீடிப்பதில்லை. ஆகவே தொடர்ந்து இரண்டு நாள்களுக்கு மேல் ஓய்வு விழாமல் பார்த்துக்கொண்டால், பத்து வாரங்களில் உங்கள் சர்க்கரையில் கண்ட முன்னேற்றம் தங்கும். ஓட்டத்துக்கு அடுத்த சனிக்கிழமை விரதத்தை, சர்க்கரை சீராக இருந்து, மாத்திரை பற்றி மருத்துவர் எழுதித் தந்தபடி நடந்தால், வழக்கம்போல் இருக்கலாம். கோயிலுக்குச் செல்லும்போது மட்டும், பாதத்தில் கொப்புளமோ வெடிப்போ மிச்சம் இருந்தால், வாசல் வரை காலணியோடு சென்று, உள்ளே சுத்தமான காலுறை அணிந்துகொள்ளக் குருக்களிடம் அனுமதி கேளுங்கள்.